படியோரத்து வெளுத்த கல்

நாச்சிமுத்து பாலீஷ் போட்ட தரையில் பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கால் வைப்பார்கள். தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று நினைப்பு. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் அவர் கை பட்ட கருங்கல்லைப் பார்த்து மீசையைத் திருகிக்கொண்ட மாப்பிள்ளைகள் பலர்.

அவருடைய கணக்கு எளிது. மெஷினை ஓட்டிக்கொண்டே குனிந்து பார்ப்பார். கல்லில் தன் முகம் தெரிந்ததும் அணைத்துவிடுவார். முகம் தெரிந்தால் வேலை முடிந்தது.

அப்படிப்பட்டவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு, தன் மகள் வயதிருக்கும் தமயந்தியிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார் என்றால் ஊர் சிரிக்காமல் இருக்குமா? வயிறு குலுங்கச் சிரித்தது.

நடந்தது இதுதான். ஒரு பெரிய வீட்டில் தரைக்கு இவர் பாலீஷ் போட்டிருந்தார். அதே வீட்டில் சுவருக்குக் கல் பதித்தவள் தமயந்தி. சூலூர் பக்கம் சொந்தமாகக் கல் பட்டறை வைத்திருப்பவள். அவள் கல்லில் பளபளப்பே இல்லை. தொட்டால் சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக, தூறல் விழுந்து காய்ந்த மண்ணைப் போல இருந்தது. "கல்லை முடிக்காமலே விட்டுப்போட்டாங்களாட்ட இருக்குது" என்று நாச்சிமுத்து வீட்டுக்காரரிடமே கிண்டல் செய்தார்.

மத்தியானம் கூடத்துக்குள் வெயில் வந்தது. இவருடைய தரை அந்த வெயிலை வாங்கி எல்லார் கண்ணிலும் அடித்தது. இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சுவர் வெயிலைத் தனக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான்; வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

எல்லாரும் போன பிறகு சுவரின் பக்கத்தில் போய் நின்றார். பழக்கதோஷத்தில் முகத்தைத் தேடினார். முகம் இல்லை. முகம் இல்லாததால் கல் தெரிந்தது. கருப்புப் பொடி, வெள்ளைப் பொடி, நடுவில் மினுக்கும் அபிரகத் துகள், குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய சாம்பல் கோடு. இத்தனை வருஷம் கல்லோடு கிடந்தும் தன் மூஞ்சியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. காவலாளி வந்து கதவைச் சாத்த வேண்டும் என்று சொல்லும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் இருந்தார்.

"அம்மிணி, நான் நாச்சிமுத்துங்க. பாலீஷ் போடறவன்."

"உங்களத் தெரியாமக் கல்லு வேலை பண்ண முடியுங்களா? வாங்கண்ணா, டீ சாப்புடுங்."

"டீக்கு வரலீங். தொழில் கத்துக்கலாம்னு வந்தனுங்."

பட்டறையில் வேலை செய்தவர்கள் சட்டென்று அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தமயந்தி சிரிக்கவில்லை.

"என்னுங்ணா தெரியோணும்?"

"ஒண்ணே ஒண்ணுதானுங். பாலீஷ்ல முகம் தெரிஞ்சா முடிஞ்சுது. இதுல அது தெரியாது. அப்ப வேலை முடிஞ்சுதுன்னு எதை வெச்சுங் கண்டுபுடிக்கறது?"

தமயந்தி கையிலிருந்த கல் தூசியைத் தட்டிவிட்டாள்.

"நாளைக்கு வேலைக்கு வந்துருங்ணா" என்றாள்.

இது பதிலா என்று நாச்சிமுத்து வழியெல்லாம் யோசித்தார். யோசித்துக்கொண்டே மறுநாள் வந்துவிட்டார்.

கற்றுக்கொள்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை. நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. வைரத்தூள் பதித்த பிரஷ்ஷை மெஷினில் மாட்டிக் கல்லின் மேல் ஓட்ட வேண்டும். மேடு பள்ளம் அப்படியே இருக்க, சொரசொரப்பு மட்டும் அடங்க வேண்டும். அடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். நாச்சிமுத்து எடுக்கமாட்டார். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று போய், கல்லின் மேடுகளில் மினுமினுப்பு வந்து நிற்கும். பளபளப்பு வருவதற்கு முன்னால் கையை எடுப்பது அவருக்குப் பாதிச் சாப்பாட்டில் இலையை மடிப்பது மாதிரி இருந்தது.

"மறுபடியும் முடிச்சுப்போட்டீங்களாண்ணா?" என்பாள் தமயந்தி.

"கை கேக்க மாட்டேங்குதுங் அம்மிணி."

"சரி, அடுத்த கல்லு எடுங்."

திட்டினாலாவது பரவாயில்லை என்று இருக்கும் அவருக்கு.

அந்தச் சமயத்தில்தான் சுலோசனா வீட்டு வேலை வந்தது. சுலோசனா பம்ப் கம்பெனிக் குடும்பத்துப் பெண். சிறுவாணி ரோட்டில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நுழைந்ததும் எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டி மாடிப்படி. மேலே கண்ணாடிக் கூரை. சுவர் முழுக்கச் சாம்பல் கல், துளிப் பளபளப்பு இல்லாமல் வேண்டும் என்றார். தமயந்தி அதுவரை செய்ததில் இதுதான் பெரிய சுவர். இது நன்றாக வந்தால் பட்டறை தலைநிமிரும். கெட்டால் பெயர் கெடும்.

கல் எடுக்கப் போக வேண்டிய அன்று தமயந்திக்கு வேறொரு வீட்டில் வேலை மாட்டிக்கொண்டது.

"நீங்களே போய்ப் பாத்து எடுத்துட்டு வந்துருங்ணா. பழகுன கண்ணு உங்குளுது."

நாச்சிமுத்துவுக்குத் தரையில் கால் பாவவில்லை. கல் யார்டுக்குப் போனார். பலகை பலகையாக அறுத்த கல்லை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் தூசி. எந்தக் கல் வாங்கப் போனாலும் முதலில் செய்கிற காரியத்தை அன்றும் செய்தார். ஓஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். நனைந்ததும் கல்லின் நிறம் எழுந்து வரும். பாலீஷ் போட்டால் எப்படி இருக்குமோ அப்படியே காட்டும். கருநீலமாக, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்த பலகைகளைத் தட்டித் தட்டி எடுத்து வண்டியேற்றினார்.

பட்டறையில் பிரஷ் ஓடியது. இந்தத் தடவை மெஷினைத் தமயந்தியே பிடித்தாள். வேலை நெருக்கடி. ஈரம் காய்வதற்குள் பலகைகளை ஒன்றோடொன்று சாய்த்துக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். சுவரில் பதித்து, கழுவிவிட்டு, எல்லாரும் நிமிர்ந்து பார்த்தபோது மழைமேகம் திரண்டு நிற்கிற மாதிரி இருந்தது. நாச்சிமுத்து அன்று வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் தமயந்திக்குப் போன் வந்தது. சுலோசனா வீட்டுக்கு உள் அலங்காரம் செய்கிற நிரஞ்சன்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. ஒரு கல் மட்டும் தனியா நிக்குது."

போனார்கள். சுவர் காய்ந்திருந்தது. எல்லாக் கல்லும் அமைதியான சாம்பல் நிறத்துக்கு வந்திருக்க, மாடிப்படி தொடங்குகிற இடத்தில் நெஞ்சு உயரத்தில் ஒரு பலகை மட்டும் அடுப்புச் சாம்பலாக வெளுத்திருந்தது. வாசலில் நுழைகிற யாராக இருந்தாலும் கண் நேராக அங்கேதான் போகும்.

"இது எப்படிங் ஆச்சு? நான் பாத்துப் பாத்துத்தானுங் எடுத்தேன்" என்றார் நாச்சிமுத்து.

தமயந்தி பக்கெட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டாள். வெளுத்த கல்லிலும் அதன் இரண்டு பக்கத்துக் கல்லிலும் ஊற்றினாள்.

மூன்றும் கருநீலமாயின. மூன்றும் ஒன்றாயின.

"இப்படித்தானுங் இருந்துச்சு! இப்படித்தான் பாத்தேன்!"

"ம்" என்றாள் தமயந்தி. படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நாச்சிமுத்துவும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். ஈரம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. இரண்டு கல் சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டன. நடுவில் இருந்தது நிற்காமல் வெளுத்துக்கொண்டே போனது. அது வேறு பாறையில் அறுத்த கல். தண்ணீரில் எல்லாப் பாறைக்கும் ஒரே நிறம்.

நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. பளபளக்கிற கல் என்றைக்கும் நனைந்த கல் மாதிரியே இருக்கும். அதனால் அவர் பிழைப்பில் நனைத்துப் பார்ப்பது சரி. இந்தக் கல் காய்ந்தபடியே வாழப்போகிற கல். இதை அவர் காய வைத்துப் பார்க்கவே இல்லை.

"நாந்தானுங் அம்மிணி கெடுத்துப்போட்டேன்."

"நானும் பட்டறையில காய விட்டுப் பாத்துருக்கோணும்ணா. அவசரப்பட்டுப்போட்டேன்."

அதற்குள் சுலோசனா வந்துவிட்டார். தமயந்தி எழுந்து நின்று சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஒரு கல்லு தப்பா வந்துருச்சுங்க்கா. எங்க பட்டறைத் தப்புத்தான்."

"கழட்டிட்டு வேற மாட்ட முடியாதா?"

"பசை புடிச்சுப்போச்சுங். கழட்டுனாச் சுத்தி இருக்கற கல்லும் ஒடையும். மத்த கல்லெல்லாம் அறுத்த பாறையும் இப்ப தீந்துபோச்சு."

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோமே, தமயந்தி."

"மேடம், மரப்பலகை அடிச்சு முழுச் சுவரையும் மூடிடலாம்" என்றான் நிரஞ்சன். "ஒரே நாள் வேலை. யாருக்கும் தெரியாது."

"வியாழக்கெழம வரைக்கும் விடுங்க்கா" என்றாள் தமயந்தி. "சரியாகலீன்னா மூடிக்குங்."

சுலோசனா வெளுத்த கல்லை இன்னொரு தடவை பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நாச்சிமுத்து மனசுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டார். இந்தச் சுவர் மூடப்பட்டால் பட்டறைப் பக்கம் மறுபடி தலை காட்டுவதில்லை. பழைய மெஷின் வீட்டில் இருக்கிறது. பழைய தரைகள் ஊரில் இருக்கின்றன.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார். கையில் ஒரு டப்பா. மூடியைத் திருகித் திறந்து, துணியை உள்ளே விட்டு எடுக்கப் போகிறார், தமயந்தி உள்ளே வந்தாள்.

"என்னுங்ணா அது?"

"மெழுகுங் அம்மிணி. சுவர் முழுக்கப் பூசிட்டா நனைஞ்சாப்புலயே இருக்கும். எல்லாக் கல்லும் ஒண்ணாயிரும்."

"எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசம் தாங்குமுங்."

"பொறவு?"

"மறுபடியும் பூசோணும்."

"யாரு?"

நாச்சிமுத்து டப்பாவைப் பார்த்தார்.

"மூடி போட்டு வைங்ணா" என்றாள் தமயந்தி. அவள் பையிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு பிரஷ்ஷை எடுத்தாள். மெஷினில் மாட்டுகிற அதே வைரத்தூள் பிரஷ்தான். கையில் பிடித்துத் தேய்க்கிற மாதிரி சின்னது.

"சொரசொரப்பா இருக்கற கல்லு வெளுப்பாத் தெரியும். தேய்க்கத் தேய்க்கக் கருக்கும். இது உங்களுக்குத் தெரியாததில்ல."

"தெரியுமுங்."

"அப்ப இந்த ஒரு கல்லை மட்டும் கொஞ்சம் உங்க பக்கம் கூட்டிட்டு வாங்."

"என்ற பக்கமா?"

"பாலீஷ் பக்கம். முழுக்க வேண்டாம். பக்கத்துக் கல்லு நெறம் வர்ற வரைக்கும் போதும்."

நாச்சிமுத்து இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"வேண்டாமுங் அம்மிணி. என்ற கை நிக்காதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு சுத்து அதிகமாப் போனா, வெளுத்த கல்லு போய் மினுக்கற கல்லு ஆயிரும். அதுக்கு அப்புறம் சாமியே வந்தாலும் ஆகாது. நீங்களே பண்ணுங்."

"எனக்குச் சொரசொரப்பு எங்க முடியுதுன்னு தெரியும்ணா. பளபளப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு உங்க அளவுக்குத் தெரியாது. அதோட வாசப்படி வரைக்கும் போய் நிக்கறதுக்கு, அந்த வூட்டுக்குள்ள இத்தன வருசம் இருந்த ஆளு வேணும்."

பிரஷ்ஷை அவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

நாச்சிமுத்து கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தார். பிரஷ் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கியது. தேய்த்த இடம் கருத்தது. மனசு குளிர்ந்தது. ஆனால் அந்தக் கருப்பில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கல் என்று யாரால் சொல்ல முடியும்? கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்து பழக்கமில்லாத மனுஷர். கல்லின் எதிரிலேயே நின்று, குனிந்தும் நிமிர்ந்தும், தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"ப்ளோவர் வெச்சு ஊதிட்டாச் சீக்கிரம் காஞ்சிருமுங்களே?"

"மேல காயும். உள்ள காயாது. மறுபடியும் தண்ணியத்தான் பாப்பீங்."

"அப்ப நான் என்னுங் பண்றது?"

"வாங்க, டீ சாப்புடலாம்."

ரோட்டோரக் கடையில் நின்றார்கள். நாச்சிமுத்து டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பயமா இருக்குதுங் அம்மிணி" என்றார் திடீரென்று. "உங்க பேரு போயிருமேன்னு இருக்குது. இந்த வயசுல வந்து ஒருத்தர் பொழப்பைக் கெடுத்தவன்னு ஆயிருவேன்."

தமயந்தி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"என்ற மாமா ஒருத்தரு கல்யாணச் சமையல் பண்ணுவாரு. சாம்பாரு கொதிக்கறப்ப யாரு வந்து கரண்டி நீட்டுனாலும் உப்புப் பாக்க மாட்டாரு. எறக்கி வெச்சு, வெத்தலை போட்டு முடிச்சுத்தான் பாப்பாரு. ஏன் மாமான்னு கேட்டேன். கொதிக்கறதை வாயில வெச்சா எனக்கு என்ற நாக்குத்தான் தெரியும், சாம்பாரு தெரியாதுன்னாரு."

நாச்சிமுத்து அதற்குப் பிறகு டீயைக் குடித்தார். நன்றாக ஆறியிருந்தது. ஆறிய டீயில் சர்க்கரை அதிகம் என்று தெரிந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது கல் காய்ந்திருந்தது. வெளுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, கொஞ்சம்தான். மறுபடி தெளித்து, மறுபடி தேய்த்து, மறுபடி போய்விட்டார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அதற்கு மேல் தேய்க்கவும் வழியில்லை, கல் காய நேரம் கொடுக்க வேண்டும். நடுவில் கிடைத்த நேரத்தில் வீட்டைச் சுற்றி நடந்தார். தோட்டத்துக்கு மண் கொட்டுகிறவர்களோடு பேசினார். ஒருநாள் வேப்பமரத்தடியில் தூங்கியே விட்டார். முப்பது வருஷத்தில் வேலைக்கு நடுவே அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு தடவையும் கல் பக்கத்துக் கல்லை நோக்கிக் கொஞ்சம் நெருங்கியிருக்கும். கூட்டத்தில் தள்ளி நின்றவர் ஒரு அடி, ஒரு அடியாகக் கிட்டே வருகிற மாதிரி. நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொன்னால் கலைந்துவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்.

வியாழக்கிழமை வந்தது. தமயந்தி காலையில் வரவில்லை. பட்டறையில் லோடு ஏற்றிவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள். மரப்பலகைகள் வாசலில் வந்து இறங்கியிருந்தன. ஆசாரிகள் இரண்டு பேர் அதன் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து அன்றைய முதல் தேய்ப்பைத் தேய்த்தார். பாதியில் கைக்குள் ஏதோ மாறியது. பிரஷ் அதுவரை கல்லைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. இப்போது வழுக்குகிற மாதிரி ஒரு நைப்பு. அவருக்கு அது நன்றாகத் தெரிந்த நைப்பு. எத்தனை மண்டபங்களில் அந்த இடத்தில்தான் அவருக்கு உற்சாகம் பிறக்கும்! இனி நான்கு இழுப்பு இழுத்தால் வெளிச்சம் வந்து உட்காரும். கை முன்னால் போனது. கை முன்னால் போகத்தான் பார்த்தது.

பிரஷ்ஷைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கல் காய்ந்த பிறகு நிரஞ்சனும் அவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

"பிரமாதம் பெரியவரே" என்றான் நிரஞ்சன். நல்ல பையன்; மனசாரத்தான் சொன்னான். பிறகு கண்ணைச் சுருக்கினான். "ஆனா இன்னும் ஒரு மயிரிழை வெளுப்பு இருக்கு, இல்ல?"

"இருக்குதுங்."

"இன்னொரு தடவை தேச்சாச் சரியாயிடும்."

"தேய்க்கலீங்."

"ஏங்க? அவ்வளவு பண்ணிட்டு இதுக்கு யோசிக்கறீங்க?"

"இதுக்கு அக்கட்ட போனா மினுமினுப்புங் தம்பி. நான் அங்கிருந்துதான் வந்தேன். எனக்குத் தெரியும்."

"மேடம் கண்டுபிடிச்சுட்டா? ஆசாரிங்க ரெடியா இருக்காங்க. இதுவரைக்கும் பண்ணதெல்லாம் வீணாயிடும்."

நாச்சிமுத்துவுக்குக் கை நமநமத்தது. இன்னும் ஒரே ஒரு தடவை. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். யாருக்குத் தெரியும், சரியாக வந்தாலும் வந்துவிடும். பிரஷ் தரையில்தான் கிடந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மூடுனா மூடட்டுங். நான் தேய்க்கலீங்."

அந்த நேரத்தில் தமயந்தியும் சுலோசனாவும் பேசிக்கொண்டே படியேறி வாசலுக்கு வந்தார்கள். தமயந்தி உள்ளே வந்து கல்லைப் பார்த்தாள், தரையில் கிடந்த பிரஷ்ஷைப் பார்த்தாள், பின்னால் கட்டியிருந்த கையைப் பார்த்தாள். சுலோசனாவுக்குக் காலில் வார் வைத்த செருப்பு. உள்ளே வந்தவர் மாடிப்படிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்ற ஒற்றைக்காலில் நின்று, விழுந்துவிடாமல் இருக்கச் சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார். வாரை இழுத்துக்கொண்டே நிமிர்ந்து சுவர் முழுக்கப் பார்த்தார்.

"எங்க, அந்தக் கல் எது?" என்றார்.

நிரஞ்சன் வாயைத் திறந்து மூடினான். ஆசாரிகள் எட்டிப் பார்த்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கு அப்படியே போயிருக்கும்.

"நீங்க கை வெச்சுருக்கறதுதானுங்" என்றார் நாச்சிமுத்து.

சுலோசனா கையை எடுத்தார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கிட்டே போய் மறுபடியும் உள்ளங்கையை வைத்து, பக்கத்துக் கல்லிலும் வைத்துப் பார்த்தார்.

"கொஞ்சூண்டு தெரியுது" என்றார்.

ஆசாரிகளில் ஒருவர் பேப்பரை மடித்தார்.

"தெரிஞ்சா என்ன? தெரியட்டும்." சுலோசனா ஆசாரிகள் பக்கம் திரும்பினார். "பலகையை எடுத்துக்குங்க. மேல சாமி ரூமுக்கு அலமாரி கேட்டிருந்தேன், அதை அடிங்க. சாப்பிட்டு வந்தீங்களா எல்லாரும்?"

நாச்சிமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி விழுந்த மாதிரி, தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். வெட்கம் ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். ஆனாலும் நான்கு பேர் நிற்கிறார்கள் இல்லையா.

சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். தமயந்தி ஓட்டினாள். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சந்தோஷம் ஓய்ந்ததும் உள்ளே அந்த மயிரிழை வந்து உட்கார்ந்துகொண்டது. பாலீஷ்காரர் மனசு.

"அம்மிணி."

"சொல்லுங்ணா."

"அந்தக் கொஞ்சூண்டு வெளுப்பை நான் விட்டுட்டு வந்தது சரிதானுங்களா? வேலை பாக்கி நிக்குதே?"

"அந்தக்கா செருப்புக் கழட்டறப்ப எங்க கை வெச்சாங்க?"

"அந்தக் கல்லுலதானுங்."

"வர்றவங்க, போறவங்க, மாடி ஏறற கொழந்தைங்க, எல்லாக் கையும் அங்கதாண்ணா படும். பாலீஷ் இல்லாத கல்லு கை பட்டாக் கருக்கும். நீங்க இன்னைக்கே நெறத்தை முழுசாக் கொண்டாந்து நிறுத்தியிருந்தீங்கன்னா, அவங்க தொட்ட நாள்ல இருந்து அது பக்கத்துக் கல்லைவிடக் கருத்துத் தப்பாயிட்டே போயிருக்கும்."

நாச்சிமுத்து தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அந்தக் கல்லு வேலை எப்பங் அம்மிணி முடியும்?"

தமயந்தி கியரை மாற்றினாள்.

"அவங்க அங்க குடியிருக்கற வரைக்கும் முடியாதுங்ணா" என்றாள்.